அத்தான் பெயருக்குப் பதில் சொன்னவர்

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது, மற்றபடி குறையில்லை. உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நலம்தானே? லிஃப்ட் கதவில் நசுங்கிய விரல் ஆறிவிட்டதா? நகம் விழுந்தால் பிடுங்காதே, தானாக விழட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கல்லுக்குப் போய்வந்தேன். உன் அத்தான் போய் இது பத்தொன்பதாவது வருஷம். அங்கே என்ன நடக்கும் என்று உனக்குக் கேள்வி ஞானம்தான், ஒரு தடவைகூட நீ வந்து பார்த்ததில்லை. பட்டாளத்தில் உங்களோடு இருந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். உங்கள் பழைய குமாஸ்தா செத்தவர்கள் பட்டியலை வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும், அந்த மனிதரின் கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருந்தவர் ஓர் அடி முன்னால் வந்து “இருக்கிறார், ஐயா” என்பார். அவர் வரவில்லையென்றால் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. மூன்று மூச்சு நேரம் அமைதி, பிறகு அடுத்த பெயர்.

அத்தானுக்குப் பதில் சொல்லவேண்டியவன் நீ. உனக்கு மார்ச்சில் லீவு கிடைப்பதில்லை. அதனால் வருஷா வருஷம் அவர் பெயருக்கு அமைதிதான். எனக்கும் அது பழகிவிட்டது.

இந்தத் தடவை ஒருவர் முன்னால் வந்தார். ஒல்லியான ஆள், கழுத்தைச் சுற்றித் துணி. கரகரத்த குரலில் “இருக்கிறார், ஐயா” என்றார். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன். வரிசையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சம்பந்தமில்லாதவன் பதில் சொன்னால் நாலு பேராவது திரும்ப மாட்டார்களா?

முடிந்ததும் ஆளைக் காணவில்லை. குமாஸ்தாவைப் பிடித்துக் கேட்டேன். “அவனா? கெட்டில்னு கூப்பிடுவோம்மா. டீ போட்டுட்டிருந்தவன். உடம்பு சரியில்லாதவன், விட்டுடுங்க” என்று பட்டியலை அவசரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பல்லில்லாத வாயால் மென்று முழுங்கினார் மனிதர்.

யார் இந்தக் கெட்டில்? போனில் சொல்லாதே. போனில் நீ சிரித்தே தப்பித்துவிடுவாய். காகிதத்தில் எழுது.

பிள்ளைகளுக்கு முத்தங்கள்.
அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். விரல் தேறிவிட்டது, நகம் நீ சொன்னபடியே தானாக விழுந்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வைராக்கியமாக இருக்கிறாயா?

இங்கே ஒரு வேடிக்கை. போன வாரம் ஒரு குடியிருப்பு லிஃப்டில் மாமியாரும் மருமகளும் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாம். நான் கதவைத் திறந்தபோது சேர்ந்து என்னைத் திட்டினார்கள். ஒரு குடும்பத்தை ஒன்று சேர்த்த புண்ணியம் எனக்கு.

கெட்டில் என்று ஒருத்தன் இருந்தான். டீ போடுவான், அதைவிட நன்றாகக் கதை விடுவான். வயசாகிவிட்டது, யார் பெயர் எது என்று குழம்பியிருப்பான். இல்லையென்றால் வேறு ஏதாவது திட்டம் இருக்கும். இப்படிப்பட்ட ஆட்கள் பட்டாளத்தில் கணவனை இழந்தவர்களைத் தேடிப் போய் எதிலாவது கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்று கேள்வி. வீட்டுக்குள் விடாதே. பேச்சுக் கொடுக்காதே.

அத்தான் என் மடியில்தான் போனார். அதை எத்தனை தடவை என் வாயால் சொல்ல வைப்பாய், அக்கா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நலம். ஒத்தடம் கொடுக்கிறேன், வைராக்கியமும் இருக்கிறது.

வீட்டுக்குள் விடாதே என்றாய். விடவில்லை. அவரே நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமை எங்கள் ரெக்கார்டு ரூமுக்கு வந்த ஃபைல்களில் ஒன்று அவருடையது. தொழில்: பட்டாளச் சமையல், ஓய்வு. தொண்டையில் கட்டி. இருபதாம் தேதி ஆபரேஷன், குரல்வளையையே எடுக்கிறார்கள். இனி அவருக்குப் பேச்சு வராது. ஃபைலைப் பார்த்துவிட்டு நோயாளியைத் தேடிப் போவது தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் போனேன்.

உன் பேச்சை நினைத்துக்கொண்டு முதலில் ஆழம் பார்த்தேன். “என் வீட்டுக்காரருக்கு எந்தக் காதுல வெட்டுக்காயம்?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “காதுலயா? காதுல ஒண்ணும் இல்லையேம்மா. மோவாய்க்கு அடியில ஒரு தழும்பு. சவரம் பண்றப்ப அந்த இடம் வந்தா மட்டும் பிளேடைத் திட்டுவார்” என்றார். திட்டுவார், தம்பி. இந்த வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று எத்தனை நாள் திட்டியிருக்கிறார்.

எங்கே வைத்து நடந்தது என்று கேட்டேன். “பாதையிலம்மா. டீ கேனை எடுத்துக்கிட்டு முன்காவலுக்குப் போற பாதையில. நல்ல வெயில்” என்றார்.

வீட்டுக்கு வந்து, அத்தான் போனபோது நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். ‘பதுங்குகுழியில் இருந்தோம். மழை விடாமல் பெய்தது’ என்று எழுதியிருக்கிறாய். ஒரே நோயாளிக்கு இரண்டு காகிதத்தில் இரண்டு ரத்த வகை இருந்தால் என் கை அங்கேயே நின்றுவிடும். பதினேழு வருஷத்துப் பழக்கம். மழையா, வெயிலா?

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. அத்தான் கடைசியாகச் சொன்னார் என்று நீ எழுதிய வரி. ‘அவ எங்கம்மாவைத் தனியா விட்டுட்டு எங்கயும் போகமாட்டா, அந்த நம்பிக்கையில போறேன்.’ அந்த நம்பிக்கைக்காக இருபத்தைந்து வயசில் இந்த வீட்டில் உட்கார்ந்தேன். மாமியாரைப் போன வருஷம் வழியனுப்பும்வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் மருந்தகத்துக்காரர் வந்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நேராகவே கேட்டார். நல்ல மனிதர், எனக்கும் பிடித்திருந்தது. இந்த வரியைச் சொல்லித்தான் முடியாது என்றேன். அன்று நீ ஊருக்கு வந்திருந்தாய். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அத்தான் கடைசியாக என்ன சொன்னார் என்று கெட்டிலிடமும் கேட்டேன். சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. முதலில் நீ எழுது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. புதுக் கட்டடத்தில் ஆறு லிஃப்ட் ஒரே நேரத்தில் பொருத்துகிறோம், சாப்பிடவே நேரமில்லை. சின்னவளுக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

மழையா வெயிலா என்று பத்தொன்பது வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணை செய்கிறாய். ரெக்கார்டு ரூமுக்குப் போன நாளிலிருந்து மனுஷர்களையும் ஃபைல் மாதிரிதான் பார்க்கிறாய். சண்டை நடக்கிற இடத்தில் வானத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டா இருப்பார்கள்? அன்றைக்கு எனக்குப் பல் வீங்கி ஒரு பக்கக் கண்ணே திறக்க முடியவில்லை. மழை என்ன, வெயில் என்ன?

ஊர் பேர் தெரியாத டீக்காரனை நம்புகிறாயா, கூடப் பிறந்தவனை நம்புகிறாயா? அதை முதலில் முடிவு செய்துகொள். அவன் ஏதோ சொன்னான் என்கிறாய், ஆனால் என்ன சொன்னான் என்று எழுத மாட்டேன் என்கிறாய். இது என்ன விளையாட்டு, அக்கா?

தம்பி

மே 8

தம்பிக்கு,

சின்னவளுக்கு ராத்திரியில் தலைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நலம்.

பல்லா? பத்தொன்பது வருஷத்தில் இந்தப் பல்லைப் பற்றி இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். பல் வீங்கிக் கண் மூடியவனை எந்தப் பட்டாளத்தில் பதுங்குகுழிக்கு அனுப்புவார்கள்?

குமாஸ்தா வீட்டுக்குப் போனேன். முதலில் தலைவலி என்றார். பிறகு காது கேட்கவில்லை என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் வேறு வழியில்லாமல் பட்டியலை எடுத்துக் காட்டினார். செத்தவர் பெயர் ஒரு பக்கம், பதில் சொல்லவேண்டியவர் பெயர் மறு பக்கம். எல்லாம் மையால் எழுதியது. அத்தானுக்கு எதிரே உன் பெயர் மட்டும் பென்சிலில். ஏன் என்றேன். “உங்க தம்பி நேர்ல வந்து, ஆமா நான்தான் பக்கத்துல இருந்தேன்னு சொன்னா மையில எழுதிக்கலாம்னு வெச்சிருந்தோம்மா. குடும்ப விஷயம், நாங்க எப்படிக் கேக்கறது?” என்றார்.

ஆக, வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஊரையே கூப்பிட்டுக் கல்யாணம் நடத்தி வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் பத்திரிகை வைக்காத கதை. வருஷா வருஷம் எனக்கு வணக்கம் சொல்லி, டீ கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

கெட்டிலுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஒரு சிறு பலகையில் எழுதிக் காட்டுகிறார். என்னைப் பார்த்ததும் எழுதியது: ‘தம்பி எழுதினாரா?’

என்ன பதில் சொல்லட்டும்?
அக்கா

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. இத்துடன் முழங்காலுக்கு ஒரு பெல்ட் அனுப்பியிருக்கிறேன். இங்கே பெரிய கடையில் விசாரித்து வாங்கியது. காலையில் எழுந்ததும் போட்டுக்கொள், படுக்கும்போது கழற்றிவிடு. மாடிப்படி ஏறும்போது நல்ல காலை முதலில் வை. பெரியவள் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். அத்தை மாதிரி நீளக் கால் என்று அம்மாவிடம் பெருமை பேசுகிறாள்.

வேறு விசேஷமில்லை.
உன் தம்பி

ஜூன் 4

தம்பிக்கு,

பெல்ட் வந்தது. அளவு சரியாக இருக்கிறது. பெரியவளுக்கு என் பாராட்டு.

கேட்டதற்குப் பதில் வரவில்லை. அது வரும்வரை இங்கிருந்தும் கடிதம் வராது. போன் அடித்தால் எடுக்க மாட்டேன்.

அக்கா

ஜூலை 11

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா?

இதை ஒன்பது தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். வெயில்தான், அக்கா. பாதைதான். நான் அங்கே இல்லை.

முன்காவலில் இருந்தவர்களுக்குத் தினமும் மூன்று மணிக்கு டீ போகும். கெட்டில் கேனைத் தூக்குவான், துப்பாக்கியோடு ஒருத்தன் துணைக்குப் போகவேண்டும். யார் முறை என்று அட்டைப்பெட்டித் துண்டில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அன்றைக்கு என் பெயர். பல் வீங்கிக் கன்னம் பன் மாதிரி இருந்தது. அத்தான் பார்த்துவிட்டு, “நீ படு மச்சான். நான் ஒரு நடை போயிட்டு வந்துடறேன். நாளைக்கு என் முறையை நீ எடுத்துக்க” என்றார். நான் படுத்தேன். மாத்திரை போட்டிருந்தேன், நன்றாகத் தூங்கிவிட்டேன். அத்தான் செத்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். யாரோ டீக்காரன் பக்கத்தில்தான் போனார் என்று எழுதக் கை வரவில்லை. நான் கூட இருந்தேன் என்றால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. அந்த ஒரு வார்த்தையை எழுதிய பிறகு மடி, குழி எல்லாம் தானாக வந்தன. மழையை ஏன் சேர்த்தேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

அந்தக் கடைசி வரி மட்டும் தானாக வரவில்லை. அதை யோசித்துத்தான் எழுதினேன். அவர் அம்மாவுக்கு வேறு நாதியில்லை. நீ நம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டால் அந்த அம்மா என்ன ஆவாள்? என் முறைக்குப் போய் மகன் செத்தார், தாயும் தனியாகக் கிடந்து சாகவேண்டுமா? எனக்குத் தூக்க முடியாத பாரம். அதை எடுத்து உன் தலையில் வைத்தேன். நீ சொன்ன சொல் தவறாதவள் என்று தெரிந்தே வைத்தேன்.

மருந்தகத்துக்காரர் வந்த அன்று சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அந்த வரி பொய் என்றால் மற்றது எது நிஜம் என்று கேட்பாய். பயந்துவிட்டேன். கடைக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீ அழுதுகொண்டிருந்தாய், எனக்குக் கேட்டது.

மார்ச்சில் லீவு கிடைக்காமல் இல்லை. ஒவ்வொரு வருஷமும் கிடைத்தது.

ஒன்று மட்டும் சொல், அக்கா. அத்தான் கடைசியாக என்ன சொன்னார்? என்னைத் திட்டினாரா? திட்டியிருந்தாலும் சொல்லிவிடு.

தம்பி

ஆகஸ்ட் 16

அக்கா,

முப்பத்தாறு நாள் ஆகிவிட்டது. தபால்காரன் தெருவுக்குள் வந்தால் பெரியவளே ஓடிப் போய்க் கேட்கிறாள். இல்லை என்று அவள் கையை விரிக்கும்போது என் முகத்தைப் பார்க்கிறாள். வீட்டுக்காரியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு நாலு நாள் பேசவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி

செப்டம்பர் 14

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முழங்கால் தேவலை. பிள்ளைகளும் அவர்கள் அம்மாவும் நலமாக இருக்கட்டும்.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்த அன்று மேஜை டிராயரை இழுத்த வேகத்தில் அது கையோடு வந்துவிட்டது. உனக்கு இரண்டு பதில் எழுதினேன். இரண்டும் உன் கையில் கிடைத்திருந்தால் பிறகு நீயும் நானும் இல்லை. அதனால் அனுப்பவில்லை. ஆறும்வரை எழுதக் கூடாது என்றிருந்தேன். இப்போதும் முழுதாக ஆறவில்லை.

உன் முறைக்குத்தான் அவர் போனார் என்று ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். கெட்டில் சொல்லிவிட்டார். ஏன் என்று மட்டும்தான் தெரியாது, அந்தப் பல்லை எழுதி நீயே காட்டிக்கொடுத்துவிட்டாய். தெரிந்துகொண்டே கேட்டேன். நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்கவேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாய். சொல்லாமலே போயிருந்தால் எனக்குத் தம்பி இல்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அத்தான் கால் மணி நேரம் உயிரோடு இருந்தாராம். என்னைப் பற்றியும் தன் அம்மாவைப் பற்றியும் உருக்கமாக ஒன்றும் சொல்லவில்லை. கெட்டிலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “இது மச்சான் முறைன்னு அவளுக்குத் தெரியவேணாம். அவளுக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். பேசிக்காம போயிடுவாங்க” என்றாராம். கொஞ்சம் பொறுத்து, “டீ கொட்டிடுச்சா?” என்று கேட்டாராம். “இல்லண்ணே, கேன் நிக்குது” என்று சொன்னாராம் கெட்டில். சொட்டு மிச்சமில்லாமல் கொட்டிக் கிடந்ததாம். அவரும் பொய்தான் சொன்னார். அந்தப் பொய் யாரையும் எங்கேயும் இத்தனை வருஷம் உட்கார வைக்கவில்லை.

அவ்வளவுதான் அவர் கடைசியாகச் சொன்னது. உன்னைத் திட்டவில்லை. இதைப் படித்துவிட்டு நீ அழுவாய். அழு.

சொல்லாதே என்று அவர் சொல்லியும் ஏன் சொன்னீர்கள் என்று கெட்டிலை ஏப்ரலில், குரல் இருந்தபோதே கேட்டேன். “தொண்டையோட இதுவும் போயிடும்னு பயந்துட்டேன். உங்களை அந்தப் பொய்க்குள்ள உக்கார வெச்சிட்டு நாங்க எல்லாரும் வேடிக்கை பாத்துட்டோம்மா” என்றார். குமாஸ்தா பென்சிலை அழித்துவிட்டுக் கெட்டிலின் பெயரை மையால் எழுதிவிட்டார். அடுத்த மார்ச்சில் கெட்டில் முன்னால் வந்து நிற்பார். சத்தம் வராது. வரிசைக்குப் புரியும்.

எல்லோரும் சேர்ந்து இருக்கவேண்டும் என்பதுதான் அத்தானின் ஆசை, அதற்காகவாவது தம்பியை மன்னித்துவிடு என்கிறார் குமாஸ்தா. மாட்டேன். செத்தவர் பேச்சைக் கேட்டு நடந்தது போதும், அது பொய்யானாலும் நிஜமானாலும். உன்னை மன்னிப்பதென்றால் எனக்கே தோன்றும்போது மன்னிப்பேன். இன்னும் தோன்றவில்லை. ஆனால் உன் கடிதம் வராத நாட்களில் நானும் தபால்காரன் சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு செய்தி. மருந்தகத்துக்காரர் எனக்காகக் காத்திருந்தார் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே. நான் முடியாது என்ற மறு வருஷமே கல்யாணம் செய்துகொண்டார், மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை நானே போய்க் கேட்டேன், மருந்து வாங்க நின்றவர்கள் எல்லோரும் போகும்வரை நின்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு, “லீவு எப்ப கிடைக்கும் உங்களுக்கு?” என்றார்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, காலை பதினொரு மணி, பதிவு அலுவலகம். மாலை, மேளம் எதுவும் கிடையாது. இரண்டு சாட்சிகள் வேண்டுமாம். ஒருவர் கெட்டில். இன்னொரு இடம் காலியாக இருக்கிறது. அங்கிருக்கும் அதிகாரி கண்டிப்பானவர், முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்க மாட்டாராம். பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தவன்தான் போடலாம்.

வந்து, நின்று, பார்த்துவிட்டுப் போடு.

அக்கா